கில்மார்ட்டின் போகிறவர்களுக்கு: ஸ்காட்லாந்தின் கற்குவைப் பள்ளத்தாக்கை இரண்டு நாளில் நடந்து பார்க்க ஒரு வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் மேற்கே ஆர்கைல் பகுதியில், ஓபனுக்கும் லாக்கில்ப்ஹெட்டுக்கும் நடுவே ஏ816 சாலையோரம் இருக்கும் சிறு கிராமம் கில்மார்ட்டின். சில வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு அருங்காட்சியகம், ஒரு விடுதி, அவ்வளவுதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கில் கற்குவைகள் (பழங்காலக் கல்லறைகளின் மேல் குவித்த கற்குவியல்கள்), கல்வட்டங்கள், நெட்டுக் குத்துக்கற்கள், பாறைச் செதுக்கல்கள், கோட்டைகள் என்று நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. நம் ஊர்ப் பெருங்கற்காலச் சின்னங்களில் ஆர்வமுள்ளவர்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது இங்கே போக வேண்டும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். வெளியில் இருக்கும் சின்னங்களுக்கு டிக்கெட் கவுண்டரும் கிடையாது, காவலாளியும் கிடையாது, வழிகாட்டியும் கிடையாது. நுழைவு இலவசம். அதனாலேயே, என்ன பார்ப்பது, எப்படிப் போவது, மழை பிடித்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் நீங்களே முன்கூட்டி முடிவு செய்துகொண்டு போக வேண்டும். கிளாஸ்கோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டம் வேண்டாம். ஐந்து மணி நேரம் சாலையிலேயே போய்விடும். கிராமத்திலோ அருகிலோ இரண்டு இரவு தங்குங்கள்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே மாதமும் செப்டம்பரும் நல்லவை. ஜூன் மாதத்தில் பகல் வெளிச்சம் பதினேழரை மணி நேரம் இருக்கும். டிசம்பரில் ஏழு மணி நேரம்தான். டிசம்பரில் போனால் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை ஸ்காட்லாந்துப் பள்ளிகளுக்கு விடுமுறை. இங்கிலாந்தின் பள்ளி விடுமுறை இதற்குப் பின்னால் தொடங்கும். இரண்டு நாட்டுப் பட்டியலையும் பாருங்கள். வங்கி விடுமுறைகளும் ஒன்றல்ல. ஆகஸ்ட் விடுமுறை ஸ்காட்லாந்தில் முதல் திங்கள், இங்கிலாந்தில் கடைசித் திங்கள். ஜனவரி 2 ஸ்காட்லாந்தில் மட்டும் விடுமுறை. லண்டனை மனதில் வைத்துப் பேருந்து நேரத்தைக் கணக்குப் போட்டால் இந்த இடத்தில்தான் தவறு வரும்.

ஏப்ரல் நடுவிலிருந்து மே வரை ஆடுகள் குட்டி போடும் காலம். வயல்களின் வழியே நடக்கும்போது மந்தையை விட்டு விலகிப் போங்கள். குளிர்காலத்தில் அருங்காட்சியகத்தின் நேரம் சுருங்கும் என்பதால், போகும் வாரத்தின் திறப்பு நேரத்தை அவர்கள் இணையதளத்தில் பார்த்த பிறகே தேதியை உறுதி செய்யுங்கள்.

2. விசா

ஸ்காட்லாந்துக்குத் தனி விசா இல்லை, பிரிட்டன் விசாவே போதும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா இங்கே செல்லாது.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா எடுக்க வேண்டும். ஆறு மாத விசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக ஆனது. பெரும்பாலும் ஏப்ரலில்தான் கட்டணத்தை மாற்றுகிறார்கள் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் பிரிட்டன் அரசு இணையதளத்தில் உள்ள தொகையையே கணக்கில் எடுங்கள். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்காது.

பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகையும் ஆவணங்களும் கொடுத்த பிறகு முடிவு வரச் சுமார் மூன்று வாரம். கோடை விடுமுறைக்கு முன்பு கைரேகை கொடுக்க நேரம் கிடைப்பதே சிரமம் என்பதால் பத்து வாரம் முன்னதாகத் தொடங்குவது நல்லது. முடிவு வரும் முன் திரும்பப் பெற முடியாத விமான டிக்கெட்டை வாங்காதீர்கள். தங்குமிடத்தையும் இலவச ரத்து வசதியுடனேயே பதிவு செய்யுங்கள்.

ஆவணங்களில் கவனிக்க வேண்டியவை:

- ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கில் ஒரு பெரிய தொகை வந்து விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் இணைக்காமல் விடாதீர்கள். மறுப்புக்கு அடிக்கடி காரணமாவது இதுதான்.
- வேலை, சம்பளம், விடுப்பு அனுமதிக் கடிதம். சொந்தத் தொழில் என்றால் வரிக் கணக்கு.
- தமிழில் உள்ள பட்டா, திருமணப் பதிவு, ஓய்வூதிய ஆணை போன்றவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் ஆகியவற்றுடன் இணைக்க வேண்டும். தமிழ் ஆவணத்தை மட்டும் இணைத்தால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.
- நாள்வாரித் திட்டம், ஒரு பக்கம் போதும். "கில்மார்ட்டின், இரண்டு இரவு, தொல்லியல் சின்னங்கள்" என்று தெளிவாக எழுதுங்கள். யாரும் கேள்விப்படாத கிராமம் என்பதால், ஏன் அங்கே போகிறீர்கள் என்று ஒரு வரி சேர்ப்பது உதவும்.

மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ள தமிழர்களுக்கு விசா வேண்டாம். மின்னணுப் பயண அனுமதி போதும். 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் 16 பவுண்டாக ஆனது. அரசின் செயலியில் விண்ணப்பியுங்கள். அரசுத் தளம் போலவே தோன்றும் இடைத்தரகர் தளங்கள் பல மடங்கு கூடுதலாக வாங்குகின்றன.

3. லண்டனில் இறங்காதீர்கள்

லண்டனிலிருந்து கிளாஸ்கோவே சாலையில் சுமார் 650 கி.மீ. துபாய் வழியாக நேரே கிளாஸ்கோவில் இறங்க முடியும். அதுதான் கில்மார்ட்டினுக்கு அருகில் உள்ள பெரிய விமான நிலையம். எடின்பரோவில் இறங்கினால் சாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் சேரும். அங்கே ஓர் இரவு தங்குவதாக இருந்தால், 2026 ஜூலை 24 முதல் தங்குமிடக் கட்டணத்தின் மேல் 5 சதவீதம் பயணியர் வரி உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

4. தங்குமிடம்

கிராமத்துக்குள் அறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். கோடைக்கு நான்கு மாதம் முன்னரே பதிவு செய்யுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் தெற்கே 13 கி.மீ. தொலைவில் உள்ள லாக்கில்ப்ஹெட் அடுத்த தேர்வு. பேருந்தில் வருபவர்களுக்கு உண்மையில் அதுவே நல்லது. கடைகள், பெட்ரோல் பங்க், மருத்துவமனை எல்லாம் அங்கேதான். இருவர் தங்கும் அறைக்குக் கோடையில் இரவுக்கு 100 பவுண்டு அல்லது அதற்கு மேல் ஒதுக்குங்கள்.

தனி வீட்டை வாடகைக்கு எடுப்பதானால், விளம்பரத்தில் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்காட்லாந்தில் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு உள்ளூராட்சி உரிமம் கட்டாயம். எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

5. போய்ச் சேர்வது

*காரில்:* கிளாஸ்கோ விமான நிலையத்திலிருந்து நகருக்குள் நுழையவே வேண்டாம். எர்ஸ்கின் பாலம் வழியாக ஏ82 பிடித்து லாக் லோமண்ட் ஏரிக்கரையோரம் டார்பெட் வரை போய், அங்கிருந்து ஏ83 வழியாக இன்வரேரி, லாக்கில்ப்ஹெட் சென்று, ஏ816 சாலையில் வடக்கே திரும்புங்கள். சுமார் இரண்டரை மணி நேரம். சுங்கக் கட்டணம் எங்கும் இல்லை.

இந்த வழியின் பலவீனமான இடம் 'ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்' கணவாய். பெருமழை பெய்தால் மலைச்சரிவு மண் சாலையில் இறங்கிவிடும். அப்போது கீழேயுள்ள பழைய ராணுவச் சாலையில் வாகனங்களை வரிசை கட்டி ஒரு திசைக்கு ஒரு முறையாக விடுவார்கள். அதுவும் மூடினால் கிரியன்லாரிக், டின்ட்ரம், டல்மலி என்று வடக்கே சுற்றி இன்வரேரிக்கு வர வேண்டும். கிளம்பும் காலையில் டிராஃபிக் ஸ்காட்லாந்து தளத்தைப் பாருங்கள். திரும்பி விமானம் பிடிக்கும் நாளில் இந்தக் கணவாய்க்காகவே இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டிக் கருவி சில சமயம் லாக் ஆவ் ஏரிக்கரையோரம் பி840 சாலையைக் காட்டும். வரைபடத்தில் நெருக்கமாகத் தெரிந்தாலும் அது மிகக் குறுகிய ஒற்றைத் தடச் சாலை. முதல் முறை போகிறவர்கள் ஏ83 சாலையிலேயே இருங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்து அங்கே ஓராண்டு வரை கார் ஓட்டலாம். ஆனால் வாடகை நிறுவனங்களுக்குத் தனி விதிகள் உண்டு. ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், டெபாசிட்டாக ஒரு பெரிய தொகையை அதில் முடக்குவார்கள். மனைவியின் கார்டைக் கொடுத்து கணவர் பெயரில் கார் எடுக்க முடியாது. டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே 'ஆட்டோமேட்டிக்' என்று தேர்ந்தெடுங்கள். கவுண்டரில் கேட்டால் இருக்காது. பெட்ரோல் குழாயின் பிடி பச்சை, டீசலின் பிடி கறுப்பு.

*பேருந்தில்:* கிளாஸ்கோ புகேனன் பேருந்து நிலையத்திலிருந்து கேம்பல்டவுன் போகும் சிட்டிலிங்க் 926 லாக்கில்ப்ஹெட்டில் நிற்கும். சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து ஓபன் போகும் 423 கில்மார்ட்டின் வழியாகப் போகிறது. சிக்கல் இந்த 423 தான். நாளுக்கு ஒரு சில வண்டிகளே. வார நாள், சனி, ஞாயிறு, பள்ளி நாள் என்று கால அட்டவணை மாறும். டிராவலைன் ஸ்காட்லாந்து தளத்தில் உங்கள் சரியான தேதியைப் போட்டுப் பாருங்கள். கடைசி வண்டியைத் தவற விட்டால் டாக்சி தெருவில் கிடைக்காது, செயலியில் அழைக்கவும் முடியாது. உள்ளூர் டாக்சிக்கு முந்தின நாளே தொலைபேசியில் சொல்லி வையுங்கள். 22 வயதுக்குக் கீழே பேருந்து இலவசம் என்று படித்திருப்பீர்கள். அது ஸ்காட்லாந்தில் வசிப்பவர்களுக்கு மட்டும்.

ரயிலில் வர விரும்பினால் கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து ஓபன் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பிறகு அதே 423.

6. ஒற்றைத் தடச் சாலை

நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் பழகுவது எளிது. பழகாதது ஒற்றைத் தடச் சாலை. ஆங்காங்கே ஒதுங்குமிடம் வெட்டியிருப்பார்கள். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் சாலையைக் கடந்து அதற்குள் போகாதீர்கள்; அதன் எதிரே சாலையிலேயே நின்று, எதிர் வண்டி அதற்குள் வளைந்து போக விடுங்கள். பின்னால் உள்ளூர்க்காரர் வேகமாக வந்தால் அவரையும் முந்த விடுங்கள். ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கப் போகக் கூடாது.

வேகம் மைலில். ஊருக்கு வெளியே இருவழிச் சாலையில் உச்சவரம்பு 60 மைல், அதாவது 96 கி.மீ. ஏ816 சாலையின் வளைவுகளில் அந்த வேகம் பாதுகாப்பானதல்ல. மது அளவு வரம்பு இங்கிலாந்தைவிடக் குறைவு: 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். மதுக்கடையில் ஒரு கோப்பை குடித்துவிட்டு ஓட்டலாம் என்ற கணக்கே வேண்டாம்.

7. பையில் என்ன

தண்ணீர் புகாத, கணுக்காலை மூடும் பூட்ஸ்தான் முதல் தேவை. வயல்கள் கோடையிலும் ஈரமாக இருக்கும். கேன்வாஸ் ஷூவில் போனால் முதல் கற்குவையிலேயே கால் நனைந்துவிடும். குடை காற்றில் திரும்பிவிடும் என்பதால் தொப்பி வைத்த மழைச் சட்டையும் மழைக்கால்சட்டையும் கொண்டு போங்கள்.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை 'மிட்ஜ்' என்ற பொடிப்பூச்சி கூட்டமாகக் கடிக்கும். காற்று ஓய்ந்த, மூட்டமான காலையிலும் மாலையிலும்தான் தொல்லை அதிகம். காற்று அடித்தால் பறக்க முடியாது. தலைக்குப் போடும் வலையும் விரட்டித் தைலமும் ஓபனிலும் லாக்கில்ப்ஹெட்டிலும் கிடைக்கும்.

மிட்ஜ் தொல்லைதான், ஆபத்தில்லை. உண்ணி அப்படியல்ல. லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள். இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, குழந்தைகளின் தலைமுடி எல்லாம் சோதியுங்கள். உண்ணி இருந்தால் கொக்கி வடிவக் கருவியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள். எண்ணெய், நெருப்பு வேண்டாம். பின் வரும் வாரங்களில் வட்டமாகத் தடிப்புப் பரவினால் உடனே மருத்துவரிடம் போய், ஸ்காட்லாந்தில் உண்ணி கடித்தது என்று சொல்லுங்கள். ஊர் திரும்பிய பிறகு இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

ஒரு நல்ல டார்ச்சும், பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 358ஆம் எண் வரைபடமும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் செல்பேசி சிக்னல் விட்டுவிட்டு வரும்.

8. முதல் நாள்: கிராமத்திலிருந்து நடை

அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். விரிவாக்கத்துக்குப் பின் 2023 செப்டம்பரில் மீண்டும் திறந்த இடம் அது. நுழைவுக் கட்டணம் உண்டு. வெளியே நீங்கள் பார்க்கப்போகும் குழிகளில் கிடைத்த பானைகளும் பொருள்களும் உள்ளே இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்த்துவிட்டுப் போனால் வெறும் கல்குவியலாகத் தெரிந்தது வேறாகத் தெரியும். கழிப்பறையையும் இங்கேயே முடித்துவிடுங்கள். நடையில் வேறெங்கும் இல்லை.

பக்கத்துத் தேவாலய முற்றத்தில் இடைக்காலக் கல்லறைப் பலகைகளைக் கூரையிட்டு வைத்திருக்கிறார்கள். வாளும் வீரரும் செதுக்கிய கற்கள். அரை மணி நேரம் கொடுங்கள்.

பிறகு தெற்கே இறங்குங்கள். கிளீப் கற்குவை, நெதர் லார்கி வடக்கு, நடு, தெற்கு, ரீ க்ரூயின் என ஐந்து கற்குவைகள் சுமார் 2 கி.மீ. நீளத்துக்கு ஒரே வரிசையில் கிடக்கின்றன. போகவரச் சேர்த்து நான்கைந்து கி.மீ., சமதளம். நின்று பார்த்து நடக்க மூன்று மணி நேரம்.

நெதர் லார்கி வடக்கின் உச்சியில் நகரும் மூடி ஒன்று இருக்கிறது. பலரும் கற்குவையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மூடியைத் தள்ளி, படியில் கீழே இறங்குங்கள். உள்ளே கற்பதுக்கையின் (கற்பலகைகளால் பெட்டி போல் அமைத்த கல்லறையின்) மூடுகல்லில் கோடரித் தலைகளும் கிண்ணக்குழிகளும் செதுக்கியிருக்கிறார்கள். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஏறி வந்ததும் மூடியை மறக்காமல் மூடுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. நெதர் லார்கி தெற்குதான் வரிசையில் பழையது. அதன் கல்லறை அறைக்குள் குனிந்து நுழையலாம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் டெம்பிள் உட் கல்வட்டம், மரங்களுக்கு நடுவே. தெற்கு வட்டத்தின் வடபக்கக் கல்லில் இரட்டைச் சுருள் ஒன்று கல்லின் இரு முகங்களிலும் தொடர்ந்து ஓடுகிறது. தரையை ஒட்டித் தாழ்வாக இருப்பதால் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். சாய்ந்த வெயிலில், காலையிலோ மாலையிலோ, நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் போய், எதுவும் இல்லை என்று திரும்பாதீர்கள்.

வயலில் கால்நடை மேயும். கதவை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விட்டுப் போங்கள்: மூடியிருந்தால் மூடி, திறந்திருந்தால் திறந்து. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு நடமாடும் உரிமையைத் தருகிறது, ஆனால் கன்றோடு நிற்கும் பசுக்கூட்டத்துக்கு நடுவே நடக்கும் உரிமையை எந்தச் சட்டமும் பாதுகாக்காது. சுற்றிப் போங்கள்.

9. இரண்டாம் நாள்: டனாட், அக்னாபிரெக், கார்னாசரி

மூன்றையும் ஒரே நாளில் பார்க்கக் கார் வேண்டும். இல்லாவிட்டால் டனாட் மட்டும் போதும்.

டனாட் கிராமத்துக்குத் தெற்கே சுமார் 5 கி.மீ.; சதுப்பு நிலத்தின் நடுவே நிற்கும் பாறைக்குன்று. டால் ரியாட்டா என்ற பழைய கேலிக் அரசின் அரசர்களுடைய கோட்டை. உயரம் 54 மீட்டர்தான் என்றாலும் மேல் பகுதி வழுக்குப் பாறை. மழையில் இறங்குவதுதான் கடினம். ஏற இருபது நிமிடம். உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள பாறைத் தளத்தில் காலடித் தடம் இருக்கிறது. அரசராக ஏற்பவர் அதில் கால் வைத்தார் என்பது பரவலான கருத்து. இப்போது தெரிவது அசலைக் காக்க அதன் மேல் பதித்த நகல். அதன் அருகிலேயே காட்டுப்பன்றி உருவமும், கோடுகளால் ஆன பழைய ஐரிஷ் எழுத்தான ஓகமும் உண்டு. மங்கலானவை, பொறுமையாகத் தேடுங்கள். உச்சியை மட்டும் குறிவைத்து ஏறினால் இந்தத் தளத்தைக் கடந்து போய்விடுவீர்கள்.

அக்னாபிரெக் இன்னும் தெற்கே, கேர்ன்பானுக்கு அருகே. வனத்துறைக் கார் பார்க்கிலிருந்து காட்டுவழியில் சிறு ஏற்றம். பிரிட்டனின் மிகப் பெரிய பாறைச் செதுக்கல் பரப்புகளில் ஒன்று: குழிகள், அவற்றைச் சுற்றி வளையங்கள். மழை விட்டு வெயில் சாயும் நேரம் இதற்கு மிகப் பொருத்தம். ஈரப் பாறையில் கோடுகள் துலங்கும். பாறை மேல் ஏறி நிற்காதீர்கள், சுண்ணக்கட்டியால் கோடு வரையாதீர்கள். சின்னங்களுக்குச் சேதம் விளைவிப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ட்ரோன் பறக்கவிட, சின்னங்களைப் பராமரிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்திடம் முன் அனுமதி வேண்டும்.

கார்னாசரி கோட்டை கிராமத்துக்கு வடக்கே 2 கி.மீ. 16ஆம் நூற்றாண்டின் சமயத் தலைவர் ஜான் கார்ஸ்வெல் கட்டியது. ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கில் அச்சான முதல் நூல், 1567இல், அவருடைய மொழிபெயர்ப்பு. பழைய கல்கட்டடங்களைச் சோதனைக்காக அவ்வப்போது மூடுகிறார்கள் என்பதால் கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

10. சாப்பாடு, மருத்துவம், பணம்

சைவம் சாப்பிடுபவர்கள் தங்குமிடம் பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் சொல்லுங்கள். மீன் சைவமல்ல என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரவு எட்டு, எட்டரைக்குள் சமையலறைகள் மூடிவிடும். லாக்கில்ப்ஹெட் சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி, பழம், தயிர் வாங்கி வைத்துக்கொண்டால் கவலையில்லை.

அவசரத்துக்கு 999. அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111. அவசரப் பிரிவில் முதல் சிகிச்சை வெளிநாட்டவருக்கும் இலவசம். உள்நோயாளியாகச் சேர்த்தால் கட்டணம் உண்டு. அதனால் பயணக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள்.

கார்டு எங்கும் செல்லும். சில்லறையாக 40 பவுண்டு வைத்திருங்கள். ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் சொந்தமாக நோட்டு அச்சிடுகின்றன. அங்கே கிடைக்கும் மீதிப் பணம் பெரும்பாலும் அந்த நோட்டாகவே இருக்கும். நம் ஊரில் பணம் மாற்றுபவர்கள் அவற்றை வாங்கத் தயங்குவார்கள். ஊருக்குக் கிளம்பும் முன், கையில் இருப்பதைச் செலவழித்துவிடுங்கள், அல்லது அங்கேயே ஒரு வங்கிக் கிளையில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டாக மாற்றிக் கேளுங்கள். விமான நிலையம் வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.